வேன் என்ஜின் போட்ட ஃபைபர் கார்

முதலில் வந்தது கார் அல்ல, காரின் தோல். ஒரு மினி லாரியில், பழைய மெத்தைகளை முட்டுக் கொடுத்து, கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஃபைபர் பாடி வந்து இறங்கியது. கூடவே இரும்புக் குழாய்களை வெல்டு செய்த ஒரு சேஸ், நாலு அட்டைப்பெட்டி, ஜெராக்ஸ் எடுத்த பத்துப் பக்கக் குறிப்பு. இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். கூரை கிடையாது, கதவு கிடையாது, முன்கண்ணாடி பாதி. யாரோ ஒருவர் கட்டத் தொடங்கி, பாதியில் அலுத்துப்போய் விற்றுவிட்டதை நான் வாங்கியிருந்தேன். என் மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"குளிக்கிற தொட்டி எதுக்குங்க?"

இரண்டாயிரத்துகளின் நடுவில் நடந்தது இது. நான் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். காரில் போகுமளவுக்கு எனக்கு எங்கும் வேலை இல்லை. பள்ளிக்கு நடந்தே போய்விடலாம், சர்ச் அதைவிடப் பக்கம். எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் வேறு வேறு பதில் சொன்னேன். உண்மையான பதில், கையால் எதையாவது செய்து பார்க்க வேண்டும் என்ற அரிப்பு. கரும்பலகையில் என்ஜின் வரைந்து வரைந்து எனக்கே சலித்துவிட்டது. ஆர்.டி.ஓ. என்ற வார்த்தையை மட்டும் வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது என்று எழுதாத சட்டம் இருந்தது. எங்கள் நகரின் உள்தெருக்களில் ஓட்டினால் போதும் என்று எனக்கு நானே அனுமதி கொடுத்துக்கொண்டேன்.

தனியாக என்னால் முடியாது என்பது இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. அப்போதுதான் ஒரு மெக்கானிக்கிடம் உதவி கேட்டேன். பம்மலில் ஒரு தகரக் கொட்டகைதான் அவர் கடை. என்னைவிட நாலைந்து வயது இளையவர், ஒல்லி, பேச்சு குறைவு. எங்கள் பள்ளியின் நான்கு வேன்களையும் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விடியற்காலையில் பள்ளி மைதானத்துக்கு வந்து, வேன்கள் கிளம்புமுன் ஒவ்வொன்றையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போவார். மற்ற வேலைகள் வரும், போகும். அந்த நாலு வேன்களை வைத்துத்தான் குடும்பம் ஓடியது. அவரே ஒருநாள் சொன்னார்.

"நம்ம கடைக்கு ஸ்கூல் வேன்தான் சார் சோறு. மத்ததெல்லாம் ஊறுகா."

என் கார் ஊறுகாயில் சேர்த்தி. ஆனாலும் அவருக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சர்ச்சிலிருந்து திரும்பும்போது அவருடைய மொபெட் வாசலில் நிற்கும். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். என் மனைவியை அக்கா என்று கூப்பிடுவார். இரண்டாம் முறை குழம்பு ஊற்றினால் கையால் இலையை மறைப்பார், மூன்றாம் முறை மறைக்க மாட்டார்.

குறிப்பில் சொன்ன என்ஜின் ஒரு பழைய செடான் காருடையது. கனம் அதிகம், புகையும் அதிகம். மெக்கானிக் அதை வேண்டாமென்றார். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு லாரிக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொண்ட வேன் ஒன்று அவருக்குத் தெரிந்த பழைய இரும்புக் கடையில் கிடந்தது. அதன் மூன்று சிலிண்டர் என்ஜினுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இரண்டு பேர் சேர்ந்து தூக்கிவிடலாம். அதைக் கொண்டுவந்து சேஸில் உட்காரவைத்துப் பார்த்தால் எதுவும் எதோடும் சேரவில்லை. என்ஜினைத் தாங்கும் மவுண்ட் இரண்டு அங்குலம் தள்ளியிருந்தது. கியர் கம்பி பக்கத்தில் உட்காருபவரின் முழங்காலுக்கு அடியில் முளைத்தது. பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட்டைப் பம்மல் லேத் பட்டறையில் கொடுத்து வெட்டிக் குறைக்க வேண்டியிருந்தது. ஆக்ஸிலரேட்டர் கேபிள் அந்த அளவில் கடைகளில் கிடைக்கவே இல்லை. ஒரு ஆட்டோவின் கேபிளை வாங்கி, நீளத்தைக் குறைத்து, நுனிக்கு ஈயம் பற்றவைத்து அவரே ஒன்று செய்துகொண்டார். ஏழு மாதம் இப்படிப் போயிற்று.

வயரிங் வந்தபோதுதான் எனக்கு வாய் திறக்க இடம் கிடைத்தது. இரும்பு பாடி காரில் விளக்குக்கு ஒரு வயர் போதும். போன மின்சாரம் பாடி வழியாகவே பேட்டரிக்குத் திரும்பிவிடும். ஃபைபரில் மின்சாரம் ஓடாது, அதனால் ஒவ்வொரு விளக்குக்கும் திரும்பி வர ஒரு வயர் தனியாக வேண்டும். என்ஜினும் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் சேஸோடு ஒட்டுறவு இல்லாமல் தனித்து நிற்கும். இதையெல்லாம் நான் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் படம் போட்டு முக்கால் மணி நேரம் விளக்கினேன். மெக்கானிக் பீடியைக் காதில் செருகிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். பிறகு, "எர்த்து சரியில்லன்னா எதுவுமே சரியில்ல சார்" என்று ஒரே வரியில் என் பாடத்தைச் சுருக்கிவிட்டு, சேஸில் ஓரிடத்தை உப்புத்தாளால் வெள்ளிபோலப் பளபளக்கும்வரை தேய்த்தார். என்ஜினிலிருந்து ஒரு பின்னல் செம்புப் பட்டையைக் கொண்டுவந்து அங்கே போல்ட் போட்டு இறுக்கினார். அதுதான் என்ஜினுக்கு எர்த், மின்சாரம் சேஸ் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதை.

ஆயுத பூஜை வந்தது. பம்மலில் அந்த வாரம் போய்ப் பார்க்க வேண்டும். ஒரு பட்டறை பாக்கியில்லாமல் கழுவி, துடைத்து, மெஷின்களுக்கெல்லாம் புதுப் பெயின்ட் அடித்து வைப்பார்கள். மெக்கானிக் வருஷா வருஷம் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் தன் வைஸுக்குக் கிளிப்பச்சை அடிப்பார். காருக்கும் பூஜை போட அவருக்கு ஆசை. என்னிடம் கேட்கக் கூச்சப்பட்டு, என் மனைவியிடம் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்.

"தாராளமா போடுங்க தம்பி. எலுமிச்சம்பழத்து மேல ஏறினா கார் மதம் மாறிடுமா என்ன?" என்றாள் அவள்.

எனக்கு அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று தோன்றியது. பூஜைக்கு முந்தின நாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, அவருக்குத் தெரியாமல் சேஸ் முழுக்கக் கிளிப்பச்சை அடித்தேன். ஓரிடத்தில் மட்டும் இரும்பு வெறுமையாகப் பளபளத்தது. இந்தக் காற்றுக்கு ஒரே மழையில் துரு ஏறிவிடுமே என்று நினைத்து, பட்டையைக் கழற்றி, அந்த இடத்துக்கு மட்டும் இரண்டு கோட் அடித்தேன். போல்ட்டையும் வாஷரையும்கூடப் பெயின்ட் டப்பாவில் முக்கி எடுத்தேன். காய்ந்ததும் எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். அவர் கவனிக்காமல் விட்டதை நான் கவனித்துவிட்டேன் என்று ஒரு பெருமை வேறு. வேலை அந்த இடத்தில் கெட்டது. அது எனக்குத் தெரிய மூன்று மாதம் ஆயிற்று.

மறுநாள் அவர் பச்சை சேஸைப் பார்த்துவிட்டு வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். சந்தனம், குங்குமம், பொரி, நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். என்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. நாங்கள் மூன்று பேரும் கைதட்டினோம்.

அதற்குப் பிறகு கோளாறுகள் ஆரம்பித்தன. என்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டார் ஒருநாள் ஜம்மென்று சுற்றும், மறுநாள் முனகும். ஹார்ன் அடித்தால் ஹெட்லைட் மங்கும். பேட்டரியை மாற்றினோம். பிளக்கை மாற்றினோம். செல்ஃப் மோட்டாரைக் கழற்றிப் பிரித்து, கார்பன் தேய்மானம் பார்த்து, திரும்பப் போட்டோம். ஒரு ஞாயிறு சரியாகிவிடும், அடுத்த ஞாயிறு பழையபடி. எர்த்தைப் பார்க்கலாமா என்று அவர் ஒருமுறை கேட்டது நினைவிருக்கிறது. "அதை நான் நல்லா டைட் பண்ணியிருக்கேன்" என்றேன். அதோடு விட்டுவிட்டார். நான் இயற்பியல் வாத்தியார் அல்லவா. நடுவில் ஆக்ஸிலரேட்டர் மிதி கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. கேபிளுக்கு எண்ணெய் விட்டார்.

நவம்பர் கடைசியில், மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மெக்கானிக் வரவில்லை. என் மனைவி காரைத் தான் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதாகச் சொன்னாள். அவள் என்னைவிட நன்றாக வண்டி ஓட்டுவாள், இதை நான் ஒப்புக்கொள்ளப் பத்து வருஷம் எடுத்துக்கொண்டேன். அன்று செல்ஃப் இழுக்கவே இல்லை. ஏழெட்டு முறை சாவியைத் திருப்பினாள். ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. தெருமுனைவரை போய், வளைந்து, திரும்பி வரும்போது சத்தம் மாறியது. காலை எடுத்த பிறகும் மிதி மேலே வரவில்லை. என்ஜின் அலறிக்கொண்டு கார் பாய்ந்தது. தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவள் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஸ்டீயரிங்கை மறுபக்கம் ஒடித்து, யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் கொண்டுபோய் ஏற்றினாள். ஒரு குடம்கூட உருளவில்லை. அவளுடைய இடது மணிக்கட்டு முறிந்தது.

நான் அவளிடம் கேட்ட முதல் கேள்வி காரைப் பற்றி இல்லை. இரண்டாவது கேள்வி காரைப் பற்றித்தான். அதை அவள் இன்னும் மறக்கவில்லை.

ஆறு வாரம் மாவுக்கட்டு என்றார்கள். சாயங்காலம் செய்தி கேட்டு மெக்கானிக் வந்தார். அவள் ஹாலில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள், பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் சுற்றி நின்றிருந்தார்கள். அவர் அவளைப் பார்த்துவிட்டு வெளியே போய், டார்ச் வைத்துக்கொண்டு காருக்கடியில் வெகுநேரம் பார்த்தார். தான் செய்த கேபிளைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பேட்டரி வயரையும் பிடுங்கி வைத்தார்.

"சார், அடுத்த ஞாயித்துக்கிழம வர்றேன். அதுவரிக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் கொதித்தது. அவர் செய்த கேபிள் சிக்கிக்கொண்டது, அதை எடுத்துப் பையில் மறைத்துக்கொண்டு போகிறார் என்றுதான் என் புத்தி சொன்னது. ஆனால் எதுவும் கேட்கவில்லை. படித்தவன் நாலு பேர் முன்னால் சத்தம் போட மாட்டான் என்று நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் பள்ளியில் பிரின்சிபால் வராந்தாவில் என்னை நிறுத்தி மனைவியைப் பற்றி விசாரித்தார். பிறகு கேட்டார்: "நம்ம வேன் பார்க்கிறவர்தானே உங்க காரையும் செஞ்சது? எப்படி சார் அவர்?"

"வேலை தெரிஞ்சவர்தான் சார். ஆனா கொஞ்சம் அலட்சியம்" என்றேன்.

மணி அடித்தது, வகுப்புக்குப் போனேன். அன்று எடுத்த பாடம்கூட நினைவில்லை. அந்தச் சனிக்கிழமையே நாலு வேன்களையும் அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். இருநூறு பிள்ளைகள் போகிற வண்டி, அலட்சியம் என்ற வார்த்தைக்குப் பிறகு எந்தப் பிரின்சிபால் யோசித்துக்கொண்டிருப்பார்? அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் பொய் சொல்லவில்லையே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. பார்த்தாயா, குற்றமுள்ள நெஞ்சு, அதனால்தான் வரவில்லை என்று மனைவியிடம் சொன்னேன். அவள், "வேலையை எடுத்துட்டா அவர் எப்படிங்க நம்ம வீட்டுக்கு வருவார்?" என்றாள். எனக்கு அது காதில் ஏறவில்லை.

ஜனவரியில் மாவுக்கட்டு பிரித்தார்கள். அதற்குள் நான் வேறு ஒரு கேபிள் தேடி வாங்கியிருந்தேன், ஒட்டுப்போடாத முழுக் கேபிள். அதையும் பேட்டரி வயரையும் நானே மாட்டினேன். மனைவியைச் சீட்டில் உட்காரவைத்து, கியர் போடாமல் சாவியை மட்டும் திருப்பச் சொன்னேன். செல்ஃப் முனகியது. இரண்டாம் முறை, மூன்றாம் முறை. முன்பக்கம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்குப் பிளாஸ்டிக் தீயும் நாற்றம் வந்தது. புதுக் கேபிளிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. தொட்டேன், சுட்டது.

"கேபிள்ல எதுக்குங்க புகை வருது? அது என்ன கரண்ட் வயரா?" என்றாள் அவள்.

அது கரண்ட் வயர்தான். என்ஜினுக்கும் சேஸுக்கும் நடுவில் மின்சாரம் திரும்பி வர வேறு வழி இல்லாதபோது, இரண்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் ஒரே இரும்புக் கம்பி அதுதான். செல்ஃப் மோட்டார் இழுக்கிற அவ்வளவு மின்சாரமும் அந்த ஒல்லிக் கம்பி வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. கம்பி சூடாகி, உறைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உருகி, கம்பியையே கவ்விப் பிடித்துக்கொள்கிறது. பிறகு மிதி எப்படி மேலே வரும்?

பள்ளி லேபிலிருந்து மல்டிமீட்டர் கொண்டுவந்து மறுநாள் வைத்துப் பார்த்தேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை, போல்ட்டைக் கழற்றிய உடனே தெரிந்துவிட்டது. பட்டைக்கு அடியில் கிளிப்பச்சை, ஒரு கீறல்கூட இல்லாமல், காய்ந்து கெட்டியாக. போல்ட்டின் மரையில் மட்டும் அங்கங்கே பெயின்ட் உதிர்ந்து, இரும்பும் இரும்பும் ஒப்புக்குக் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தன. அதனால்தான் ஒருநாள் ஓடியது, ஒருநாள் ஓடவில்லை. பெயின்ட்டில் மின்சாரம் ஓடாது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளை சொல்லும். எனக்கு அவமானமாக இருந்தது. மனைவியின் மணிக்கட்டை நினைத்தபோது பயமாகவும் இருந்தது. மெக்கானிக்கை நினைக்க நான் இரண்டு நாள் மறுத்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும். "போய்ச் சொல்லிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னாள்.

வெறுங்கையோடு போக மனமில்லாமல் முதலில் பிரின்சிபாலிடம் போனேன். வேன்களைத் திரும்ப வாங்கிக் கொடுத்துவிட்டு அந்தச் செய்தியோடு பம்மல் போகலாம் என்று என் கணக்கு. நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப அலட்சியம் யாரு சார்?"

"நான்தான் சார்."

"ஹானஸ்ட்டா சொன்னீங்க, சந்தோஷம். ஆனா குரோம்பேட்டையில ஒரு பெரிய சர்வீஸ் சென்டரோட மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சே. டிரஸ்ட்டிங்ககிட்ட இப்ப போய் நான் என்ன சொல்றது?"

அதற்குமேல் எனக்கு அங்கே வேலை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷேர் ஆட்டோவில் பம்மல் போனேன். கொட்டகை பூட்டியிருந்தது. பின்சந்தில் அவர் வீடு. லுங்கியோடு வாசலில் உட்கார்ந்து சைக்கிளுக்குச் செயின் மாட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டார். வண்டலூர் பக்கம் ஒரு லாரிப் பட்டறையில் சம்பளத்துக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறதாம். "காத்தால ஆறுக்கு போனா வர்றதுக்கு ஒம்போது ஆவுது சார்" என்றார், புகாராக இல்லாமல்.

நான் சொன்னேன். பெயின்ட், போல்ட், கேபிள், பிரின்சிபாலிடம் சொன்ன வார்த்தை, பிறகு போய்த் திருத்திச் சொன்னது, அது பலிக்காதது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் செயினைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"பெயிண்ட்டு அன்னிக்கே தெரியும் சார்" என்றார். "கேபிள கழட்டுனேன், உள்ள உருகிகினு கீது. உடனே எர்த்த பாத்தேன். பட்டைக்குக் கீய ஒரே பச்சை."

"அப்ப ஏன் சொல்லல?"

"அக்கா கையில கட்டோட உக்காந்துகினு கீறாங்க. சுத்தி அத்தினி பேரு. சார் தப்பு பண்ணிட்டாருன்னு அங்க வெச்சி எப்பிடி சொல்றது? பெஞ்சாதி முன்னாடி உங்களுக்கு அசிங்கமாயிடும். ஞாயித்துக்கிழம வந்து உங்களாண்ட மட்டும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள சனிக்கிழம ஸ்கூல்ல வராதன்னுட்டாங்க."

வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். நான் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது முகத்தில் தெரிந்தது. வாங்க என்று சொல்லவில்லை. டீயில் சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

கிளம்பும்போது அவர் சந்துமுனைவரை கூட வந்தார். அக்காவுக்குக் கை சரியாகிவிட்டதா, சாமான் தூக்க முடிகிறதா என்று கேட்டார். முடிகிறது என்றேன். ஷேர் ஆட்டோ வந்து நின்றது. நான் ஏறிய பிறகு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சார்?"

ஆட்டோ நகர்ந்துவிட்டது. கேட்டிருக்கலாம். அந்தச் சாயங்காலம் அவர் என் வாசலில்தான் நின்றிருந்தார், கேபிள் அவருடைய சட்டைப்பையில்தான் இருந்தது. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும், சந்தேகம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறவன் நான். அதற்குப் பிறகு அதைச் சொல்ல வரும்போதெல்லாம் அவர் கேட்டது நினைவுக்கு வந்தது, சில நாள் சொல்லாமலே வகுப்பை முடித்துவிட்டு வெளியே வந்தேன்.